அசையாத 94: லேன் கேபிளின் கடைசி ஒன்றரை அங்குலம்

300 எம்பிபிஎஸ் பிளான். ரௌட்டர் பக்கத்தில் போனை வைத்து வைஃபையில் சோதித்தால் 280 காட்டுகிறது. மாடி அறையில், சுவருக்குள் கேபிள் இழுத்துப் போட்ட கம்ப்யூட்டரில் 94. காலையில் 94, நள்ளிரவில் 94. எண் இப்படி ஆணியடித்த மாதிரி நின்றால் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டுப் பயனில்லை. அவர்கள் பக்கத்து நெரிசல் என்றால் எண் ஆடும். மாலையில் 40, விடியற்காலையில் 250 என்று ஏறி இறங்கும். அசையாத 94 என்றால் அது வீட்டுக்குள் இருக்கும் கேபிளின் கைவரிசை.

94 எங்கிருந்து வருகிறது? 1000-த்தில் ஓட வேண்டிய இணைப்பு 100-க்கு இறங்கிவிட்டது. ஒவ்வொரு தரவு பாக்கெட்டும் தலைப்பு (முகவரி போன்ற விவரம்), இடைவெளி எல்லாம் சேர்த்துக் கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கும். அதில் நம் சரக்கு 1448 பைட்தான். வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 94 சொச்சம். இதே கணக்கில் முழு கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஓடினால் 941. இந்த இரண்டு எண்களும் மனதில் இருந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நாலு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு, பச்சை என இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். இரு முனையிலும் உள்ள கருவிகள் என்ன வேகத்தில் ஓடலாம் என்று முதலில் பேசி முடிப்பது ஆரஞ்சு, பச்சை ஜோடிகளில்தான். அங்கே 1000 என்று ஒத்துக்கொள்ளும். பிறகு ஓட ஆரம்பித்தால் நீலமோ பிரவுனோ வாயே திறக்காது. சில தடவை முயன்றுவிட்டு, விவரமான சிப் என்றால் தானாக 100-க்கு இறங்கிவிடும். அந்த விவரம் இல்லாத சிப் என்றால் லிங்க் வரும், போகும், வரும், போகும். அதனால் ஒரே பழுது ஒரு கம்ப்யூட்டரில் ‘நெட் ஸ்லோ’வாகவும், அதே கேபிளில் வேறு கம்ப்யூட்டரைச் செருகினால் ‘நெட் அடிக்கடி கட் ஆகுது’வாகவும் தெரியும். இரண்டும் வேறு வேறு நோய் என்று நினைத்து ரௌட்டரை மாற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

முதலில் லிங்க் எந்த வேகத்தில் நிற்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீட் என்ற வரி இருக்கும்: 1000/1000 அல்லது 100/100. லினக்ஸில் ஈத்டூல் என்ற கட்டளை சொல்லும். 100 என்று இருந்தாலும் உடனே கேபிள் மேல் பழி போடக் கூடாது. இன்டர்நெட் கம்பெனி கொடுக்கும் ஃபைபர் பெட்டிகள் பலவற்றில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட், மற்றவை 100. பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரிலோ போர்ட்டுக்கு மேலேயோ ஜிஇ, எஃப்இ என்று பிரித்து எழுதியிருப்பார்கள். ஜிஇ என்றால் கிகாபிட், எஃப்இ என்றால் 100. பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளின் லேன் போர்ட்டும் 100தான், அதற்கு எந்தக் கேபிள் போட்டாலும் அதற்கு மேல் ஏறாது. மலிவான யூஎஸ்பி லேன் அடாப்டர்களிலும் இதே கதை.

அதன் பிறகு, நன்றாக வேலை செய்வதாக உறுதியாகத் தெரிந்த ஒரு சிறிய பேட்ச் கார்டை (இரு முனையிலும் ஜாக் போட்டே வரும் குட்டிக் கேபிள்) எடுத்து, லேப்டாப்பை நேராக ரௌட்டரில் செருகுங்கள். 1000 வந்தால் ரௌட்டர் போர்ட்டும் லேப்டாப்பும் நல்லவை. அதே லேப்டாப்பையும் அதே பேட்ச் கார்டையும் மாடிக்குக் கொண்டுபோய்ச் சுவர்ப் பெட்டியில் செருகுங்கள். இப்போது 100 என்றால் குற்றவாளி சுவருக்குள் போகும் கேபிள், அல்லது அதன் இரு முனைகள், அல்லது ரௌட்டர் பக்கம் இருக்கும் பேட்ச் கார்டு. கடைசியாகச் சொன்னதை முதலில் மாற்றுங்கள். மேசைக் கால் மிதித்து, நாற்காலிச் சக்கரம் ஏறி, கிளிப் உடைந்து ஆடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்த ஒன்றரை மீட்டர் துண்டுதான். இதற்குக் கடையில் கேட்7, கேட்8 (இவை கேபிளின் தர வகைகள்) என்று பளபளப்பாக விற்கும் தட்டைக் கேபிளை வாங்காதீர்கள். உள்ளே கம்பி தலைமுடி கனத்தில் இருக்கும். உருண்டையான சாதாரண கேட்6 கார்டு போதும்.

பேட்ச் கார்டும் நல்லது, இன்னும் 100 என்றால்? சுவரை உடைக்க வேண்டாம். சுவருக்குள் ஆடாமல் அசையாமல் கிடக்கும் கேபிள் தானாகக் கெடுவது அபூர்வம். கெடுவது மனிதக் கை பட்ட இடம்: இரு முனையிலும் உறை உரித்த கடைசி ஒன்றரை அங்குலம். இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்யாமல் (கம்பிகளைப் புது ஜாக்குக்குள், அதாவது முனையில் போடும் பிளாஸ்டிக் செருகிக்குள், நுழைத்து அழுத்தாமல்) கேபிளைக் குறை சொல்லக் கூடாது என்பது என் கட்சி. ஒரு ஜாக்கின் விலை சில ரூபாய். வேலை பத்து நிமிஷம்.

அந்தப் பத்து நிமிஷத்தில் எங்கெல்லாம் தவறுகிறது என்று பார்ப்போம். வெளியுறையைச் சுமார் 3 சென்டிமீட்டருக்கு உரிக்கும்போது கிரிம்பிங் டூலின் பிளேடை முழுக்க அழுத்திச் சுற்றினால் உள்ளே இருக்கும் கம்பியின் உறையும் கீறும், சில சமயம் செம்பும் கீறும். அன்றைக்கு எல்லாம் வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து, துடைக்கும்போது யாராவது கேபிளை மடக்கினால் கீறிய இடத்தில் ஒடியும். அதனால் பாதி ஆழத்துக்கு மட்டும் அழுத்திச் சுற்றி, மீதியை மடக்கி உடைத்து எடுங்கள். எடுத்த பிறகு எட்டுக் கம்பியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எங்காவது செம்பு மினுங்கினால் வெட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். கேட்6 என்றால் நடுவில் ஒரு பிளாஸ்டிக் சிலுவை இருக்கும், அதை உறையின் விளிம்போடு ஒட்ட வெட்டிவிட வேண்டும்.

முறுக்கைப் பிரிக்கும்போது கஞ்சத்தனம் வேண்டும். ஜோடி ஜோடியாக முறுக்கி வைத்திருப்பதே ஒரு ஜோடியின் சிக்னல் பக்கத்து ஜோடிக்குத் தாவாமல் இருக்கத்தான். கேட்5இ-க்கு 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது; கேட்6-இல் இன்னும் குறைவாக வைத்தால் நல்லது. வரிசைப்படுத்த வசதியாக நீளமாகப் பிரித்துக்கொள்ளலாம், ஆனால் சீராக்கிய பிறகு நுனியை 12 மில்லிமீட்டர் விட்டு ஒரே வெட்டாக, நேராக வெட்டிவிட வேண்டும். ஜாக்கின் கிளிப் கீழ்ப்பக்கம், தங்க நிறத் தகடுகள் உங்களைப் பார்த்து, கேபிள் நுழையும் வாய் உங்கள் பக்கம் இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இதுதான் ‘பி’ வரிசை. ஒரு முனையில் ‘ஏ’ (ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறிய வரிசை), மறுமுனையில் ‘பி’ என்று போட்டிருந்தாலும் இன்றைய கிகாபிட் கருவிகள் சமாளித்துக்கொள்ளும். அதற்காக மட்டும் வெட்ட வேண்டாம்.

உள்ளே தள்ளிய பிறகு, அழுத்துவதற்கு முன், ஜாக்கின் மூக்கை நேராகப் பாருங்கள். எட்டு செம்புப் புள்ளிகள் தெரிய வேண்டும். ஏழு தெரிந்து ஒன்று மங்கலாக உள்ளடங்கி இருந்தால் அந்த ஒன்றுதான் நாளைக்கு உங்கள் 94. வாய்ப்பக்கம் வெளியுறை குறைந்தது 6 மில்லிமீட்டராவது ஜாக்குக்குள் போயிருக்க வேண்டும். அழுத்தும்போது அடியில் உள்ள பிளாஸ்டிக் நாக்கு உறையைக் கவ்வ வேண்டும், மெல்லிய கம்பிகளை அல்ல. உறை வெளியே நின்று கலர் கம்பிகள் தெரிகிற கிரிம்ப், இழுத்தால் கையோடு வரும்.

ஜாக்கையும் கவனித்து வாங்குங்கள். கேட்6-இன் கம்பி தடித்தது. கேட்5இ ஜாக்கின் துளையில் பாதியிலேயே முட்டி நிற்கும். சுவருக்குள் போகும் கேபிளில் எட்டும் ஒவ்வொன்றும் ஒற்றைக் கம்பி (சாலிட்), பேட்ச் கார்டில் நூல் நூலான பல இழை. இழைக் கம்பிக்கான இரட்டைப் பல் தகடு நடுவில் குத்தும். ஒற்றைக் கம்பியில் அது வழுக்கி ஓரமாகத் தொட்டு நிற்கும். மூன்று பல் தகடு கம்பியை இரு பக்கமும் கவ்வும். கடையில் ‘சாலிட் கேபிளுக்கு’ என்று கேட்டு வாங்குவது நல்லது. கம்பி மூக்கு வழியே வெளியே வந்துவிடும் பாஸ்-த்ரூ ஜாக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு வசதிதான். ஆனால் டூலின் பிளேடு மழுங்கினால் வெட்டிய நுனியில் செம்புப் பிசிறு நீட்டிக்கொண்டு பக்கத்துக் கம்பியைத் தொடும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று பட்டு அந்தத் திறந்த நுனிகளில் களிம்பும் ஏறும்.

இனி டெஸ்டர். இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இரண்டு துண்டு எல்இடி டெஸ்டர் வீட்டில் இருப்பது நல்லது. ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக எரிய வேண்டும். ஒரு விளக்கு எரியாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. இரண்டு சேர்ந்து எரிந்தால் எங்கோ ஒட்டியிருக்கிறது. வரிசை மாறி எரிந்தால் கலர் மாறியிருக்கிறது. எரிந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கின் கழுத்தை விரலால் மெல்ல அசையுங்கள். சும்மா வைத்துப் பார்க்கும்போது ஒழுங்காக எரிந்த ஐந்தாம் விளக்கு அப்போது கண்ணடிக்கும். எப்போதாவது வந்து போகும் பழுதுகளில் பாதி இதிலேயே சிக்கும்.

ஆனால் அந்த டெஸ்டர் ஒரு விஷயத்தில் நம்மை ஏமாற்றும். அது பார்ப்பது கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்பதை மட்டும். எந்தக் கம்பி எதோடு முறுக்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ‘அழகா கலர் கலரா ஜோடியா வச்சுட்டேன்’ என்று வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம் என இரண்டு முனையிலும் ஒரே மாதிரி போட்டுவிட்டால் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் இரண்டாவது ஜோடி ஓடுவது 3, 6 என்ற பின்களில் (ஜாக்கில் இடமிருந்து வலமாக எண்ணும் தகடுகள்). இந்த வரிசையில் 3-இல் வெள்ளை-பச்சை, 6-இல் நீலம். ஒன்றோடொன்று முறுக்காத இரண்டு கம்பிகளில் ஒரே சிக்னல் போகிறது. ஒன்றரை மீட்டர் துண்டில் இது தெரியவே தெரியாது. 25 மீட்டரில் லிங்க் துள்ளும், அல்லது 100-இல் நின்றுகொண்டே பாக்கெட்டுகளைத் தின்னும். வாயைப் பிளந்து நிற்கும் ‘எல்லாம் சரியா இருக்கே’ வகைப் பழுதுகளில் முதலிடம் இதற்குத்தான். கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், கண் போதும்: நீல ஜோடி நடுவில் இருக்க வேண்டும், பச்சை அதை இரு பக்கமும் அணைத்து நிற்க வேண்டும்.

மலிவுக் கேபிளில் இதே தவறு வேறு வழியாக வரும். வெள்ளைக் கம்பிகளின் மேல் கோடு இருக்காது, நாலும் ஒரே வெள்ளை. பிரித்துப் போட்டுவிட்டால் எது எதன் ஜோடி என்று பிரம்மாவுக்கும் தெரியாது. முறுக்கு இருக்கும்போதே ஒவ்வொரு வெள்ளையையும் அதன் ஜோடியோடு விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு வரிசைப்படுத்த வேண்டும்.

மலிவுக் கேபிள் என்றதும் சிசிஏ பற்றிச் சொல்லியாக வேண்டும்: மேலே செம்பு முலாம், உள்ளே அலுமினியம். நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளியாக மினுங்கும். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கினாலே எடை காட்டிக்கொடுத்துவிடும். மின்தடை செம்பைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. இரண்டு மூன்று தடவை வளைத்தால் ஒடியும். ஜாக்கின் தகடு குத்திய இடத்தில் அலுமினியம் மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும், மேலே ஆக்ஸைடும் படியும், தொடுப்பு தளரும். அதனால்தான் போட்ட வருஷம் ஓடிய கேபிள், யாரும் தொடாமலே அடுத்த வருஷம் 94-க்கு வருகிறது. இதை மறுபடி கிரிம்ப் செய்தால் கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான். சுவருக்குள் ஒரு தடவை போகிற பொருளில் மிச்சம் பிடிக்காதீர்கள். பெட்டியில் முழுச் செம்பு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, சுரண்டியும் பார்த்து வாங்குங்கள்.

கேபிள் வழியாகவே கரண்டும் போகும் சிசிடிவி கேமராவில் சிசிஏவின் குணம் அப்பட்டமாகத் தெரியும். பகலெல்லாம் படம் வரும். இருட்டியதும் கேமரா அணைந்து அணைந்து எரியும். இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரிய ஆரம்பித்ததும் கரண்ட் இழுவை கூடுகிறது, வழியில் வோல்டேஜ் விழுகிறது. கணக்குப் போடலாம். 12 வோல்ட் அடாப்டரை மலிவான ஸ்ப்ளிட்டர் ஒயர் மூலம் 4, 5 பின்களில் பாசிட்டிவ், 7, 8 பின்களில் நெகட்டிவ் என்று ஏற்றுகிறோம். நல்ல செம்புக் கேட்5இ கம்பி ஒன்றுக்கு 100 மீட்டரில் அதிகபட்சம் 9.4 ஓம். 30 மீட்டருக்கு 2.8 ஓம், இரண்டு கம்பி சேர்ந்தால் 1.4, போக வர 2.8. கேமரா 1 ஆம்பியர் இழுத்தால் 2.8 வோல்ட் வழியிலேயே போய்விடும், கேமராவுக்குச் சேர்வது 9.2. சிசிஏ என்றால் 4 வோல்ட்டுக்கு மேல் போய், 8-கூடச் சேராது. 48 வோல்ட் அளவில் அனுப்பும் முறையான பிஓஇ (லேன் கேபிளிலேயே கரண்ட் அனுப்பும் முறை) சுவிட்ச் போட்டால் அதே வாட்டுக்குக் கரண்ட் நாலில் ஒரு பங்கு என்பதால் இந்த வம்பே இல்லை. இன்னொன்று: அந்த மலிவு ஸ்ப்ளிட்டர் நீலத்தையும் பிரவுனையும் கரண்டுக்கு எடுத்துக்கொள்வதால் அந்தக் கேபிளில் கிகாபிட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

லிங்க் 1000 என்று காட்டுகிறது, ஆனாலும் வீடியோ கால் திக்குகிறது என்றால் பார்க்க வேண்டியது பிழை எண்ணிக்கை. விண்டோஸ் கட்டளைத் திரையில் நெட்ஸ்டாட் ஹைஃபன் ஈ என்று அடித்தால் எரர்ஸ் என்ற வரி வரும். ஒரு பெரிய ஃபைலை இன்னொரு கம்ப்யூட்டருக்கு நகலெடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறியிருந்தால் கம்பியில் சிக்னல் சிதைகிறது. பிழையைக் கணக்கெடுப்பது வாங்குகிற முனை என்பதால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பிங் கட்டளையும் உதவும், ஆனால் கூகிளுக்குப் போடாதீர்கள், உங்கள் ரௌட்டரின் 192.168 முகவரிக்குப் போடுங்கள். ஹைஃபன் எல் 1400 சேர்த்துப் பெரிய பாக்கெட்டாக, ஹைஃபன் என் 1000 என்று ஆயிரம் தடவை. கேபிள் வழியில் ஒரு மில்லி செகண்டுக்குள் பதில் வர வேண்டும், ஒன்றுகூடத் தொலையக் கூடாது. வேகத்தை அளக்க, இணையத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் ஐபெர்ஃப்3 என்ற மென்பொருளை ஓட்டுங்கள். ஒரு திசையில் 941 வந்து, மறுதிசையில் 300 வந்தால் பழுது இருக்கிறது. ஒரே திசையில் சோதித்தவருக்கு அது தெரியாமலே போகும். லேன் கார்டின் வேகத்தை ‘100 ஃபுல்’ என்று கையால் பூட்டி வைத்திருந்தால் ஆட்டோவுக்குத் திருப்புங்கள். ஒரு பக்கம் பூட்டு, மறுபக்கம் ஆட்டோ என்றால் மறுபக்கம் அரை டூப்ளெக்ஸுக்குப் (ஒரு சமயத்தில் ஒரு திசை மட்டும்) போய், கேபிள் நன்றாக இருந்தும் இழுவையாக இழுக்கும்.

மொட்டை மாடி வழியாக வரும் கேபிள் தனி ரகம். உள்ளூர் கேபிள்காரர் பக்கத்து வீட்டு மாடிப் பெட்டியிலிருந்து இழுத்துத் தருவது பெரும்பாலும் வீட்டுக்குள் போடும் பிவிசி உறைக் கேபிள்தான். இரண்டு மூன்று கோடை வெயிலில் உறை வெடிக்கும். அடுத்த மழையில் வெடிப்பு வழியே இறங்கும் தண்ணீர் உறைக்குள்ளேயே ஓடி, கீழே ஜாக்குக்கு வந்து சேரும். ஜாக்கைக் கழற்றிப் பார்த்தால் தகடுகளில் பச்சைக் களிம்பு. ‘மழை பெய்தால் நெட் வராது’ என்ற புகாரின் உள்விஷயம் பல வீடுகளில் இதுதான். வெளியே போகும் கேபிள் கறுப்புப் பாலிஎதிலீன் உறை போட்டதாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் நுழையும் துளைக்கு முன் ஒரு வளைவு கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழைய வேண்டும், தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். இடி விழும் ஊரில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்புக் கேபிளே வேண்டாம் என்பேன். பக்கத்தில் எங்கோ விழுந்த மின்னலுக்கே போர்ட் செத்துப்போகும், அல்லது பாதி செத்து, எந்தக் கேபிளைச் செருகினாலும் 100-இலேயே நிற்கும். ஃபைபரும் இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டரும் (ஒளியை மின் சிக்னலாக மாற்றும் பெட்டி) போட்டால் அந்தக் கவலை இல்லை.

வீட்டுக்குள் கரண்ட் ஒயர் போகும் அதே பைப்பில் லேன் கேபிளையும் திணித்திருந்தால் முதல் பிரச்சினை வேகம் அல்ல, உயிர். 230 வோல்ட் ஒயரின் உறை உரசிக் கிழிந்தால் அது ரௌட்டர் வரை வந்துவிடும். தனி பைப்பில் கொண்டுபோங்கள், கரண்ட் ஒயரைக் கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்க விடுங்கள். ஜங்ஷன் பாக்ஸ்களையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். கேபிள் நீளம் போதாமல் எட்டுக் கம்பியையும் திருகி இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருந்தால், தேடிக்கொண்டிருந்தது அங்கேதான் இருக்கிறது.

இரண்டு முனையும் புதிது, நடுவில் ஒட்டு இல்லை, இன்னும் சரியாகவில்லை என்றால் எலி கடித்ததோ, ஆணி பாய்ந்ததோ, சிசிஏவோ. கேபிளை மாற்றத்தான் வேண்டும். பழைய கேபிளையே இழுகயிறாகப் பயன்படுத்தலாம்: அதன் முனையில் புதுக் கேபிள் இரண்டு, கூடவே ஒரு நைலான் கயிறு, மூன்றையும் படிப்படியாக மெலியும்படி டேப் சுற்றி, பைப்பில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி, ஒருவர் மேலிருந்து ஊட்ட ஒருவர் கீழிருந்து இழுங்கள். ஒரு கேபிள் தாங்கும் இழுவிசை 11 கிலோ எடைக்குச் சமம்தான். சிக்கினால் பலங்கொண்ட மட்டும் இழுக்காமல், பின்னுக்கு விட்டு மறுபடி இழுங்கள். வளைவுகளில் கேபிளின் தடிமனைப் போல் நாலு மடங்கு ஆரம் இருக்க வேண்டும், கேட்6-க்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். இரண்டு முனையிலும் சுவர்ப் பெட்டிக்குள் ஒரு சாண் நீளம் சுருட்டி விட்டு வையுங்கள்; அடுத்த தடவை வெட்டி கிரிம்ப் செய்ய அது வேண்டும். நைலான் கயிறு பைப்புக்குள்ளேயே இருக்கட்டும்.